மருத்துவர் பதில்கள்: கை, கால் சார்கோமாவும் ரத்தக்குழாய் ஊடுருவலும்

தொடையில் வலியில்லாமல் வளரும் கட்டிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் 'ரத்தக்குழாய் ஊடுருவல்' (வாஸ்குலர் இன்வேஷன்) என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இம்முறை அது தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சார்கோமா என்பது தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் தந்தைக்கு வயது 58. வலது தொடையில் இருந்த 9 சென்டிமீட்டர் கட்டியை அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், தொடையின் பெரிய ரத்தக்குழாய்கள் கட்டியைத் தொடாமல் விலகியே இருப்பதாக எழுதியிருந்தது. ஆனால் இப்போது வந்துள்ள திசுப் பரிசோதனை அறிக்கையில் 'வாஸ்குலர் இன்வேஷன் உள்ளது' என்று இருக்கிறது. இரண்டில் எது சரி? நோய் உடம்பு முழுவதும் பரவிவிட்டதா?
– ஒரு மகன், திண்டுக்கல்

இரண்டுமே சரியாக இருக்கலாம். அவை இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே பலரும் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பவர் பேசுவது, விரல் பருமன் உள்ள பெரிய தமனியையும் சிரையையும் பற்றி. அவற்றைக் கட்டி தொடுகிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா என்பதை அவர் குறிப்பிடுவது, அறுவை சிகிச்சை நிபுணர் எந்த வழியாகப் போவது, எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று திட்டமிடுவதற்காக. நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவதோ, கட்டிக்கு உள்ளேயும் அதன் விளிம்பிலும் ஓடுகிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரத்தக்குழாய்களைப் பற்றி. அந்தக் குழாயின் உட்பூச்சுச் செல்களைத் தாண்டி, அதன் உள்வெளியில் புற்றுநோய்ச் செல்கள் இருப்பதைக் கண்டால்தான் அவர் 'ஊடுருவல் உள்ளது' என்று எழுதுவார். எனவே பெரிய குழாய்கள் முற்றிலும் தப்பியிருக்கும் ஒருவருக்கு நுண்ணிய ஊடுருவல் இருக்கலாம். பெரிய தமனியைக் கட்டி முழுதாகச் சுற்றியிருக்கும் இன்னொருவருக்கு நுண்ணிய ஊடுருவல் இல்லாமலும் இருக்கலாம்.

நோயின் போக்கை முன்கூட்டிக் கணிப்பதில் அதிகம் பேசப்படுவது இந்த இரண்டாவது வகைதான். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்கள் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களின் வழியாகவும் பரவுகின்றன. சார்கோமா அப்படி அல்ல. பெரியவர்களின் மென்திசுச் சார்கோமாக்களில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுபவை மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எபிதீலியாய்டு சார்கோமா, தெளிசெல் சார்கோமா, ராப்டோமயோசார்கோமா போன்ற சில வகைகள் இதற்கு விதிவிலக்கு. மற்றவை ரத்தத்தின் வழியாகவே பயணம் செய்கின்றன. காலிலிருந்து திரும்பும் சிரை ரத்தம் இடுப்பு வழியாக மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குள் செல்கிறது. ஆகவே காலை விட்டுக் கிளம்பும் செல் முதன்முதலாகச் சந்திக்கும் நுண்ணிய வலை நுரையீரலின் தந்துகிகள்தாம். கை, கால் சார்கோமா பரவும்போது பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் தென்படும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அப்படியானால் ஊடுருவல் இருந்தாலே பரவிவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். இல்லை. ரத்தத்தில் கலந்த புற்றுநோய்ச் செல்களில் மிகப் பெரும்பாலானவை, ரத்த ஓட்டத்தின் விசையாலும் உடலின் எதிர்ப்பு சக்தியாலும் அழிந்துபோகின்றன. தப்பிப் பிழைப்பவையும் ஒரு புதிய திசுவில் தங்கி, அங்கே தமக்கான ரத்த ஓட்டத்தை உண்டாக்கிக்கொண்டு வளர்ந்தால்தான் அது பரவிய நோயாகும். உங்கள் தந்தையின் அறிக்கை, செல்கள் வெளியேறுவதற்கான வாசல் ஒன்று திறந்திருந்தது என்று சொல்கிறது. அவை எங்காவது குடியேறினவா என்பதைச் சொல்வதற்கு அதற்கு வழியில்லை. அதை நெஞ்சின் சி.டி. ஸ்கேனும், அடுத்து வரும் இரண்டு மூன்று ஆண்டுக் கண்காணிப்பும்தான் சொல்லும்.

ஆபத்து கூடுதல் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. சுவீடனின் லுண்ட் நகரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் மூன்றே கேள்விகளைக் கொண்ட ஒரு முறையை உருவாக்கினார்கள். கட்டி 8 சென்டிமீட்டருக்கு மேல் பெரியதா, ரத்தக்குழாய் ஊடுருவல் உள்ளதா, நுண்ணோக்கியில் திசு அழிவு தெரிகிறதா என்பவை அந்தக் கேள்விகள். மூன்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு, ஒன்று மட்டும் இருந்தவர்களையும் எதுவுமே இல்லாதவர்களையும் விடத் தெளிவாக அதிகமாக இருந்தது. உங்கள் தந்தைக்குக் கட்டியின் அளவு, ஊடுருவல் ஆகிய இரண்டும் இருப்பதால், கட்டி உயர் தரத்தை, அதாவது வேகமாக வளர்ந்து பரவக்கூடிய வகையைச் சேர்ந்ததாக இருந்தால் அவரை அதிக ஆபத்துள்ளவராகவே கருதி மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்மானிக்க வேண்டும். தரம் என்ன என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. அறிக்கையில் 1, 2, 3 என்ற எண்களில் அது பெரும்பாலும் இருக்கும்; எண் கூடினால் தீவிரமும் கூடுதல். அதைப் பார்த்துக்கொண்டு, அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், புற்றுநோய் மருந்தியல் நிபுணர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள்.

என் அண்ணியின் முழங்கைக்கு மேலே உள்ள கட்டியில் ஊசி வைத்து எடுத்த பயாப்சியில் ரத்தக்குழாய் ஊடுருவல் பற்றி எதுவுமே எழுதவில்லை. அப்படியானால் அது இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஊசியில் வருவது தீக்குச்சியை விட மெல்லிய சில துண்டுகள் மட்டுமே. கட்டி எந்த வகை, ஏறத்தாழ எந்தத் தரம் என்பதைச் சொல்ல அது போதும். ஆனால் ஊடுருவல் பெரும்பாலும் கட்டியின் ஓரங்களில், அதுவும் சில இடங்களில் மட்டுமே இருக்கக்கூடியது என்பதால், ஊசித் துண்டில் அது காணப்படாததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

முழுக் கட்டியை அகற்றிய பிறகும் இது தேடினால் மட்டுமே கிடைக்கும் தகவல். பொதுவாகக் கட்டியின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் திசு எடுத்து மெழுகில் பதித்துப் பார்ப்பார்கள். 12 சென்டிமீட்டர் கட்டியிலிருந்து மூன்றே துண்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு 'ஊடுருவல் இல்லை' என்று எழுதினால் அதற்கு அதிக மதிப்பு கிடையாது. லுண்ட் ஆய்வாளர்கள் கட்டியின் முழு அகலத்தையும் ஒரே ஸ்லைடில் பார்க்கும்படி பெரிய வெட்டுகளை எடுத்துப் பார்த்ததும் இதனால்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் நேர்வதுண்டு. பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊறும்போது திசு சுருங்கி, செல் கூட்டங்களைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும். அது பார்ப்பதற்கு ரத்தக்குழாய் போலவே இருக்கும். ஐயம் வந்தால் சி.டி. 31 (CD31; சி.டி. ஸ்கேன் அல்ல), இ.ஆர்.ஜி. (ERG) போன்ற சாயப் பரிசோதனைகளால் குழாயின் உட்பூச்சுச் செல்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளலாம். சார்கோமாவை அடிக்கடி பார்க்கும் நோயியல் நிபுணரிடம் ஸ்லைடுகளையும் மெழுகுப் பிளாக்குகளையும் கொடுத்து இரண்டாவது கருத்து கேட்பது இந்த நோயில் வழக்கமான நடைமுறை. அதனால் முதலில் பார்த்த மருத்துவரை அவமதித்ததாக ஆகாது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இத்தகைய நோயாளிகளை நிறையப் பார்க்கிறார்கள். பிளாக்குகளைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

என் மகளுக்கு வயது 31. முழங்காலின் பின்பக்கம் உள்ள சார்கோமா, அங்கே ஓடும் தமனியையும் சிரையையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மருத்துவர் காலை எடுத்துவிட்டால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்கிறார். இன்னொருவர் ரத்தக்குழாயையும் சேர்த்து வெட்டிவிட்டு வேறு குழாய் வைக்கலாம் என்கிறார். காலைக் காப்பாற்றப்போய் உயிரை இழந்துவிடக்கூடாதே என்று அஞ்சுகிறோம்.
– ஒரு தாய், மதுரை

அம்மா, உங்கள் அச்சத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். காலை எடுப்பது உயிரை அதிகம் காப்பாற்றும் என்று பல தலைமுறைகளாக மருத்துவர்களும் நம்பினார்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்து 1982-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றுதான் அந்த நம்பிக்கையைப் பரிசோதித்துப் பார்த்தது. 43 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 27 பேருக்குக் காலையோ கையையோ காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும், 16 பேருக்கு உறுப்பு நீக்கமும் செய்தார்கள். உறுப்பைக் காப்பாற்றியவர்களில் நான்கு பேருக்கு அதே இடத்தில் நோய் மீண்டும் வந்தது. உறுப்பு நீக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி வரவில்லை. ஆயினும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்தில், முதல் குழுவில் 83 சதவீதமும் இரண்டாவது குழுவில் 88 சதவீதமும் என்று வந்த வேறுபாடு, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவும் நோய். காலை எடுக்கும்போது அது ஏற்கெனவே கிளம்பியிருந்தால், காலை எடுத்ததால் அது நின்றுவிடாது. சிறிய ஆய்வுதான் என்றாலும், அதற்குப் பின் வந்த அனுபவம் முழுவதும் அதை உறுதிசெய்தே வந்திருக்கிறது.

பெரிய ரத்தக்குழாயைக் கட்டி தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், குழாயின் வெளியுறையைக் கட்டியோடு சேர்த்து உரித்தெடுத்துவிட்டுக் குழாயை விட்டுவைக்கலாம். உங்கள் மகளுக்கு உள்ளதுபோலச் சுற்றி வளைத்திருந்தால், அந்தப் பகுதிக் குழாயைக் கட்டியோடு சேர்த்தே எடுக்க வேண்டும், அதை உரித்துக் காப்பாற்ற முயல்வது கட்டியின் நடுவே கத்தி வைப்பதற்குச் சமம். தமனியை எடுத்தால் அதற்குப் பதில் குழாய் வைத்தே ஆக வேண்டும். அதற்கு மறுகாலின் தோலடிச் சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள். சிரைக்குள் உள்ள வால்வுகள் ரத்தத்தைத் தடுக்காமல் இருக்கவே இந்தத் திருப்பம். நோயுள்ள காலின் தோலடிச் சிரையைத் தொடாமல் விடுவதற்கும் காரணம் உண்டு: ஆழ்சிரை போன பிறகு அந்தக் காலிலிருந்து ரத்தம் திரும்புவதற்கு அதுதான் மிஞ்சும் வழி. ஆழ்சிரைக்கும் மாற்று வைப்பதா வேண்டாமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எப்படிச் செய்தாலும் கால் வீக்கம் நீண்ட காலம் தொந்தரவு தரலாம். புண் ஆறுவதில் சிக்கல், வைத்த குழாய் அடைத்துக்கொள்வது, தொற்று ஆகியவை சாதாரணச் சார்கோமா அறுவையை விட இதில் அதிகம். அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்தால் புண் ஆறுவது மேலும் கடினமாகும். கனடாவில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், முன்கூட்டிக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கும், அறுவைக்குப் பின் பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும் புண் தொடர்பான சிக்கல்கள் ஏற்பட்டன. ஆனாலும் முன்கூட்டிக் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவு குறைவு என்பதால், பிற்காலத்தில் மூட்டு இறுகிப்போவதும் திசு தடித்துப்போவதும் குறைகின்றன. 31 வயதுப் பெண்ணுக்கு அது சிறிய விஷயம் இல்லை.

எப்போது காலை எடுப்பதே சரி? என் கருத்தில், ரத்தக்குழாயை விட நரம்புதான் இதைத் தீர்மானிக்கிறது. முழங்கால் பின்குழியில் குழாய்களை ஒட்டியே பெரிய நரம்பும் செல்கிறது. நரம்பு, எலும்பு, மூட்டு, குழாய் எல்லாவற்றையும் கட்டி பிடித்திருந்து, அகற்றிய பின் உணர்வும் இயக்கமும் இல்லாத ஒரு காலே மிஞ்சும் என்றால், நல்ல செயற்கைக் கால் அதைவிட மேலான வாழ்க்கையைத் தரும். நரம்பைக் காப்பாற்ற முடியும் என்று எம்.ஆர்.ஐ. காட்டினால், குழாய் ஒன்றுக்காக மட்டும் காலை இழக்க வேண்டியதில்லை. சார்கோமா அறுவை நிபுணரும் ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் ஒரே மேசையில் சேர்ந்து செய்யும் இடத்தில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

மகனின் தொடைக் கட்டியைச் சுளுக்கு என்று நினைத்து இரண்டு மாதம் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். பிறகு பயாப்சியும் எடுத்தார்கள். இப்போது ரத்தக்குழாயில் நோய் இருக்கிறது என்கிறார்கள். நான் நீவியதாலோ, ஊசி குத்தியதாலோதான் இப்படி ஆனதா?
– ஒரு தாய், நாகர்கோவில்

நீங்கள் நீவியதால் ஆனது இல்லை. குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போகும் தன்மை அந்தச் செல்களுக்கு உள்ளேயே இருப்பது. தேய்த்ததால் மனிதர்களுக்குச் சார்கோமா பரவியது என்று யாரும் நிரூபித்ததில்லை. இந்தப் பாரத்தை உங்கள் நெஞ்சிலிருந்து இறக்கிவையுங்கள். சந்தேகமான கட்டியை நீவக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நீவுவதில் நேரும் பெரிய இழப்பு அந்த நாட்களில் கட்டி வளர்ந்துவிடுவதுதான்.

முறையாக எடுத்த ஊசி பயாப்சியும் நோயைப் பரப்புவதில்லை. ஊசி சென்ற பாதையைப் பிறகு அறுவையில் சேர்த்தே எடுத்துவிடுவதற்கு வசதியாக, அறுவை செய்யப்போகும் நிபுணரின் ஆலோசனைப்படி அதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரிய எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாக இருக்கும் கட்டியோ, தசைக்கு ஆழத்தில் இருக்கும் கட்டியோ, வளர்ந்துகொண்டே போகும் கட்டியோ எதுவானாலும், ஸ்கேனும் பயாப்சியும் இல்லாமல் 'கொழுப்புக் கட்டிதான்' என்று யார் சொன்னாலும் அதை அறுக்க விடாதீர்கள்.

ஊடுருவல் இருந்தால் கீமோதெரபி கட்டாயமா? எங்கள் ஊர் மருத்துவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் வேண்டும் என்கிறார்.
– ஒரு வாசகர், ஈரோடு

இருவரும் ஆதாரத்தோடுதான் பேசுகிறார்கள் என்பதே இதில் உள்ள சிக்கல். 14 ஆய்வுகளில் பங்கேற்ற 1,568 பேரின் விவரங்களைத் திரட்டி 1997-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பத்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதம் கீமோவால் 45-லிருந்து 55 சதவீதமாக உயர்ந்தது. உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் நான்கு சதவீத வேறுபாடே இருந்தது, அது உறுதியானதாகவும் இல்லை. 2012-இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்விலும் உயிர்வாழ்வில் பயன் தெரியவில்லை. ஆனால் அதில் ஆபத்து குறைந்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்ற குறை உண்டு.

ஸ்காண்டிநேவியச் சார்கோமாக் குழுவினர் வேறு வழியை எடுத்தார்கள். யாருக்குப் பரவும் வாய்ப்பு மிக அதிகமோ அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறு சுற்றுகள் டாக்ஸோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைடு ஆகிய கீமோ மருந்துகளைக் கொடுத்தார்கள். உயர் தரக் கட்டியில் ரத்தக்குழாய் ஊடுருவல் இருந்தால், அந்த ஒரு காரணமே தேர்வுக்குப் போதுமானதாக இருந்தது. ஊடுருவல் இல்லாதவர்களுக்கு 8 சென்டிமீட்டர் அளவு, திசு அழிவு, சுற்றுத் திசுவுக்குள் பரவி வளர்தல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் இப்படிச் செய்வதில்லை. பிரான்சின் ஆய்வாளர்கள் 1984-இல் தர அளவீட்டை வகுத்தபோது ஊடுருவலையும் பரிசீலித்தார்கள். செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, திசு அழிவு எவ்வளவு என்ற மூன்றுமே போதும் என்று அதை விட்டுவிட்டார்கள். நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று வகுக்கும் இன்றைய நிலைப் பகுப்பிலும் ஊடுருவல் இல்லை. ஒரு நிபுணர் 'உண்டு' என்பதை மற்றொருவர் 'இல்லை' என்று சொல்லக்கூடிய குறியாக அது இருப்பதும் ஒரு காரணம். அதனால் அதைப் புறக்கணிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அனுபவமுள்ள நோயியல் நிபுணர் தெளிவாகக் கண்டு எழுதியிருந்தால், கட்டி உயர் தரமாகவும் ஆழத்திலும் இருந்தால், நோயாளியின் இதயமும் சிறுநீரகமும் தாங்கும் நிலையில் இருந்தால், கீமோவைப் பற்றி நான் தயங்காமல் பேசுவேன். தரம் 1 என்றால் பேசமாட்டேன்.

16 வயது மகனுக்கு எலும்புச் சார்கோமா. கீமோவுக்குப் பின் அறுவை முடிந்து வந்த அறிக்கையில் 'நெக்ரோசிஸ் 95 சதவீதம்' என்று இருக்கிறது. திசு அழிவு கெட்ட அறிகுறி என்று படித்ததால் அஞ்சுகிறோம்.
– ஒரு தந்தை, சேலம்

மகிழ்ச்சியடைய வேண்டிய செய்தி இது. சிகிச்சைக்கு முன் கட்டி தானாகவே அழிந்திருந்தால், அது தன் ரத்த ஓட்டத்தை மிஞ்சி வேகமாக வளர்ந்ததன் அடையாளம், ஆகவே கெட்ட குறி. கீமோவுக்குப் பின் காணப்படும் அழிவோ மருந்து வேலை செய்ததன் அடையாளம். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புச் சார்கோமாவில் 90 சதவீதமும் அதற்கு மேலும் அழிந்திருந்தால் நல்ல பலன் என்று கொள்கிறார்கள். இதே அறிக்கையில், ரத்தக்குழாய்க்குள் உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள் மிஞ்சியிருப்பதாக எழுதியிருந்தால் மட்டும் அதைத் தனியாக மருத்துவரிடம் கேளுங்கள். எஞ்சிய கீமோ சுற்றுகளை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

அறுவை முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எனக்கு ஊடுருவல் இருந்தது. இதுவரை எடுத்த நெஞ்சு ஸ்கேன்கள் எல்லாம் சுத்தம். ஒவ்வொரு முறையும் செலவும் பயணமும் கடினமாக இருப்பதால் நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

நிறுத்தாதீர்கள். நுரையீரலுக்குப் பரவுபவற்றில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வெளிப்படுகிறது. நீங்கள் அந்தக் காலத்தின் நடுவில் இருக்கிறீர்கள். உயர் தரச் சார்கோமாவில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், நுரையீரலில் வரும் சில முடிச்சுகளை அகற்ற முடியும் என்பதே. அவ்வாறு அகற்றத் தகுதியானவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். முடிச்சுகள் எண்ணிக்கையில் பெருகிய பிறகு கண்டுபிடித்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப்போகிறது.

செலவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயமானது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், கை, கால் சார்கோமாவுக்குச் சிகிச்சை முடிந்த 500 பேரிடம் இதையே ஆய்வு செய்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயால் மட்டும் கண்காணிக்கப்பட்டவர்களின் உயிர்வாழ்வு, சி.டி. எடுத்தவர்களை விடக் குறைந்துவிடவில்லை. அதே இடத்தில் திரும்பிய நோயைப் பெரும்பாலும் நோயாளிகளே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. உங்களுக்கு ஊடுருவல் இருந்ததால், இரண்டாம் ஆண்டு முடியும்வரை இயன்றால் சி.டி.யையே தொடரலாம் என்பது என் விருப்பம். இயலாதபோது ஸ்கேனே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடாமல், உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை குளிக்கும்போது அறுவைத் தழும்பையும் அதைச் சுற்றியுள்ள தசையையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். அடுத்த முறை செல்லும்போது பழைய ஸ்கேன் படங்களையும் சி.டி. தட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் மூன்று மில்லிமீட்டர் புள்ளி ஒன்று தெரியும்போது அது போன முறையும் இருந்ததா என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும்.